கிடாவின் ஓரத்தில்

டால்பின் சந்து, ஹல்
1940 அக்டோபர் 6

அன்புள்ள ரோலி,

நான் இப்போது உன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். சிரிக்காதே. படிக்க இல்லை, தரை துடைக்க.

குண்டுவீச்சுக்குப் பயந்து உங்களையெல்லாம் கிராமத்துக்கு ரயிலேற்றி அனுப்பிய பிறகு லாம்பர்ட் கிராமர் பள்ளி ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போது அதை முதலுதவி நிலையமாக்கிவிட்டார்கள். உன் வேதியியல் அறையில் கட்டுத்துணி மூட்டைகள் இருக்கின்றன. மீன் புகையிடும் கொட்டகையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மா வலை பின்னிக்கொண்டே, "சரி, இனிமே வீட்டுக்குள்ள வரும்போது ஹெரிங் மீன் வாசனை வராது" என்று மட்டும் சொன்னாள்.

நீ மூன்று வருஷம் போய்வந்த இடத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வாசலைக்கூட எதிர்ப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே இவ்வளவு குளிரும் என்று நீ சொன்னதில்லை. மேசைகளில் எத்தனை பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள்! ஒரு மேசையின் அடியில் 'லத்தீன் செத்துப்போன மொழி, என்னையும் கொல்கிறது' என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து இல்லையே?

பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் டாசர் உன்னை நினைவில் வைத்திருக்கிறார். "ஸ்டாதர்ஸ் பையனா? ஜன்னல் உடைச்சவன்தானே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அவரே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்.

பெரிய கூடத்தின் தரையில், சின்னச் சின்ன வண்ணக் கற்கள் பதித்த ஆட்டுக்கிடா ஒன்று இருக்கிறதே, அது மிகவும் அழகு. அழுக்கேறிக் கிடந்தது. நேற்று அதன் மேல் உட்கார்ந்து கொம்பிலிருந்து வால் வரை தேய்த்துவிட்டேன்.

அப்பாவின் கப்பல் போன வாரம் வந்துவிட்டு மறுபடி கடலில் கண்ணிவெடி வாரப் போய்விட்டது. உன்னைக் கேட்டார். பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டார். படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேவிஸ்


வெயின்தார்ப்
1940 அக்டோபர் 11

மேவி,

அடிப்பாவி, கிடாவின் மேல் உட்கார்ந்தாயா!

உன் கடிதத்தை என்னோடு படிக்கும் பிளெங்கினிடம் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "உங்க அக்கா உசுரோட இருக்காளா?" என்று கேட்டான்.

கேள். லாம்பர்ட் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கிடாவை மிதிக்கக் கூடாது. மொத்தப் பள்ளியும் அந்தக் கூடத்தில் கூடினாலும் நடுவில் கிடா மட்டும் காலியாக இருக்கும். எல்லாரும் சுற்றித்தான் போக வேண்டும். வாத்தியார்களும் அப்படித்தான். பள்ளியை விட்டுப் போகும் நாளில்தான் ஒருவன் அதன் மேல் நடக்கலாம். எல்லாரும் சுவரோரம் நிற்பார்கள். ஹெட்மாஸ்டர் அவன் பெயரைச் சொல்லி, 'நட' என்பார். அவன் கிடாவின் மேல் நடந்து பக்கவாசல் வழியாக வெளியே போவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. அதோடு அவனுக்குப் பள்ளி முடிந்தது. எலிசபெத் ராணி காலத்திலிருந்தே, முன்னூறு வருஷத்துக்கு மேலாக, இப்படித்தான் என்கிறார்கள். அந்தத் தரையே விக்டோரியா காலத்தில் போட்டது என்று வரலாற்று வாத்தியார் சொல்கிறார். அவரை யாரும் நம்புவதில்லை.

தெரியாமல் மிதித்தவன் தன் தொப்பியால் கிடாவைத் துடைக்க வேண்டும். முதல் நாளே மிதித்த முட்டாள் ஒருவனை எனக்குத் தெரியும். என் புதுத் தொப்பியை நாய் கவ்வியது என்று அம்மாவிடம் சொன்னேன் அல்லவா? நாய் இல்லை.

இங்கே காலையில் உள்ளூர்ப் பையன்களுக்கு வகுப்பு, மதியம் எங்களுக்கு. எங்களை 'மீன்கூடை' என்கிறார்கள். நான் தங்கியிருக்கும் திருமதி ஓல்ட்ராய்டின் வீட்டில் தினமும் முட்டைக்கோஸ். மனிதன் இவ்வளவு முட்டைக்கோஸ் தின்று உயிரோடு இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

போன ஜூலையில் பள்ளியை முடித்தவர்கள் கிடாவை மிதிக்காமலே போய்விட்டார்கள். இங்கே ஏது கிடா? அது எங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது. உனக்குப் புரியாது.

ரோலி


டால்பின் சந்து
1940 நவம்பர் 3

அன்புள்ள ரோலி,

புரிந்தது. இப்போது கிடாவின் இரண்டு பக்கமும் பெஞ்சுகளைப் போட்டு, குறுக்கே பலகை வைத்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு துடைக்கிறேன். டாசர் பார்த்துவிட்டு, "பொண்ணே, நீச்சல் பழகுறியா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் விளக்குமாத்தோட சுத்தித்தான் போறேன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. என்னை யார் நடன்னு சொல்லப் போறா?" என்றார்.

முதலுதவிக்கு வரும் பெண்கள் கிடாவின் மேலேயே நின்று தேநீர் குடித்தார்கள். சொல்ல வாய் வரவில்லை. பலகைகளை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அவர்களும் சுற்றிப் போகிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே.

கூடத்துச் சுவரில், பள்ளியை நிறுவிய லாம்பர்ட்டின் உயிலிலிருந்து ஒரு வரியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 'இத்துறைமுகத்து ஏழைகளின் ஆண்பிள்ளைகள் காசின்றிக் கற்க' என்று. நடுவில் நிறைய காலம் அது கப்பல் முதலாளிகளின் பிள்ளைகளுக்கான பள்ளியாக இருந்ததாம். தங்க எழுத்துப் பலகைகளில் கப்பல் கம்பெனிப் பெயர்களாகத்தான் இருக்கின்றன. கீழே வர வரத்தான் நம் தெருப் பெயர்கள் போலத் தெரிகின்றன. போன போரில் செத்தவர்களின் பலகையில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன.

பெண்பிள்ளைகளைப் பற்றி லாம்பர்ட்டுக்கு நினைவே வரவில்லை போல என்று டாசரிடம் சொன்னேன். ஆமாம், நானே பேசினேன். அவர், "நினைவில்லாம என்ன? அவருக்கே அஞ்சு பொண்ணுங்க. வீட்ல சத்தம் தாங்காமத்தான் பள்ளிக்கூடம் கட்டியிருப்பார்" என்றார்.

தொப்பி விஷயம் அம்மாவுக்கு அன்றே தெரியும். நாய் கவ்வினால் தரை மெழுகு ஒட்டாதே என்றாள். அப்பாவிடம் சொல்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து அதைத் துவைத்தோம்.

மேவிஸ்


வெயின்தார்ப்
1940 டிசம்பர் 15

மேவி,

ஒரு பெரிய உதவி. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் மாட்டேன் என்று சொல்.

சடபி உனக்குத் தெரியுமா? மாணவர் தலைவர். உயரமாக, காது பெரிதாக இருப்பார். பதினெட்டு ஆகிவிட்டது, கடற்படைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமை அவரை வழியனுப்பினோம். இங்கே எங்கள் கூட்டமெல்லாம் மெதடிஸ்ட் சபைக் கூடத்தில்தான். ஹெட்மாஸ்டர் கைகுலுக்கினார். பிறகு பழக்க தோஷத்தில், "சடபி, நட" என்று சொல்லிவிட்டார்.

சடபி மரத்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் நடந்தார். எப்படித் தெரியுமா? நடுவில் இல்லாத கிடாவைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார். கால் தானாகப் போயிருக்கிறது. ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

சாயங்காலம் சடபி எங்கள் அறைக்கு வந்தார். "ஸ்டாதர்ஸ், உங்க அக்கா அங்கதானே வேலை செய்யுறாங்க? எனக்காக அவங்க நடப்பாங்களா? பேரை மட்டும் சத்தமாச் சொல்லிட்டு" என்றார். ஒரு பெரிய பையன் என்னிடம் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை. வகுப்பில் ஒருத்தன், பொண்ணு எப்படி நடக்கலாம் என்று ஆரம்பித்தான். பிளெங்கின் அவனை உட்கார வைத்துவிட்டான்.

பேச உனக்குக் கூச்சம் என்று தெரியும். அங்கே யாரும் கேட்கப் போவதில்லை, மேவி. காலிக் கூடம்தானே.

ரோலி


டால்பின் சந்து
1941 ஜனவரி 5

அன்புள்ள ரோலி,

செய்துவிட்டேன்.

காலிக் கூடம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். அந்தக் கூடம் காலியாக இருக்கும்போதுதான் ரொம்பக் கேட்கிறது. பலகைகளை எடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். கழற்ற வேண்டுமா என்று நீ எழுதவில்லை. வாசல் பக்கம் நின்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

எனக்கு அந்த மூன்று சீமாட்டிகள் நினைவுக்கு வந்தார்கள். பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நான் எழுத்துப் பரீட்சை தேறி நேர்முகத்துக்குப் போனேனே, அவர்கள். நீ என்னம்மா படிச்சிருக்கே என்று அன்பாகத்தான் கேட்டார்கள். வீட்டிலிருந்து போகும்போது பதில் எல்லாம் இருந்தது. அங்கே கடைசி வரை நான் வாயே திறக்கவில்லை. அதை உன்னிடம் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

டாசர் கரிவாளியோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். "நான் 'நட'ன்னு சொல்லட்டுமா? நீ பேரைச் சொல்லு" என்றார்.

"ஜார்ஜ் சடபி" என்றேன். அவர், "நட" என்றார். ஹெட்மாஸ்டர் மாதிரியே மூக்கால் சொன்னார். நான் சிரித்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கற்கள் சில்லென்று இருந்தன. பக்கவாசலைத் தாண்டி வெளியே போய்க் கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

போன ஜூலைக்காரர்களின் பெயர்களையும் அனுப்பு. ஒவ்வொரு நாளும் ஒருவருக்காக நடக்கிறேன்.

மேவிஸ்

சடபிக்கு என் விலாசம் யார் கொடுத்தது? அட்டை போட்டிருக்கிறார். 'நன்றி. இப்போதுதான் பள்ளியை விட்டு வெளியே வந்த மாதிரி இருக்கிறது' என்று.


வெயின்தார்ப்
1941 மார்ச் 2

மேவிஸ்,

ரயில் நடைமேடையில் நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. கப்பலும் இல்லை, உடம்பும் இல்லை, ஒரு தந்தி மட்டும். ஆறுதல் பிரார்த்தனையில் பாதிரியார் அவர் பெயரைத் தப்பாக உச்சரித்தார். அம்மா வீட்டுக்கு வந்ததும் கறுப்பு உடையோடு வலை பின்ன உட்கார்ந்துவிட்டாள். நீ தரை துடைக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து லத்தீனில் சீசர் எந்த ஆற்றைத் தாண்டினான் என்று மொழிபெயர்க்கிறேன். யாருக்கு வேண்டும்?

பெர்ட் சித்தப்பா ஃப்ளீட்வுட் துறைமுகத்திலிருந்து எழுதியிருக்கிறார். நம் ஊர் மீன்பிடிக் கப்பலெல்லாம் இப்போது அங்கேதான். ஏப்ரலில் எனக்குப் பதினாறு. ஈஸ்டருக்குத் தன் கப்பலில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். 'ஜூலையில பரீட்சை எழுதிட்டுப் போடா, நாலு மாசம்தானே' என்று நீ நடைமேடையில் சொன்னாய். நாலு மாதத்தில் எத்தனை கப்பல் முழுகும் என்று உனக்குத் தெரியுமா? ஸ்டாதர்ஸ் வீட்டிலிருந்து கடலில் யாராவது இருக்க வேண்டும். எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பெரிய பிரசங்கம் நடக்கும். வழியனுப்பும் கூட்டம் எதுவும் வேண்டாம். நீ மட்டும் ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்காகக் கிடாவின் மேல் நட. என் பெயரைச் சொல்லி. அவ்வளவுதான் கேட்கிறேன். முன்பின் தெரியாத பையன்களுக்கெல்லாம் நடந்தாய்.

ரோலண்ட்


டால்பின் சந்து
1941 மார்ச் 9

அன்புள்ள ரோலி,

நடக்க மாட்டேன்.

இதை எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன். நேரில் எனக்குச் சொல்ல வராது. நடைமேடையிலும் பாதிதான் சொன்னேன், ரயில் கிளம்பிவிட்டது.

எனக்குப் பதினான்கு ஆனபோது அப்பா என்னையும் உன்னையும் பார்த்து, ரெண்டு பேரில் ஒருத்தர்தான் தொடர்ந்து படிக்கலாம் என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் கோபப்படவில்லை. உனக்குக் கிராமர் பள்ளியில் இடம் இருந்தது, நான் என் இடத்தைப் பேசாமல் தொலைத்தவள். ஆனால் மீன் கொட்டகையில் நின்ற நாளெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். நம் வீட்டில் ஒருத்தன் அந்தக் கதவுக்குள் இருக்கிறான். அவன் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான்.

அப்பா கடைசியாக வந்தபோதும் உன் பரீட்சையைத்தான் கேட்டார். என் பிள்ளை கடலுக்கு எப்போது வருவான் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டு நான் கேட்டதில்லை. சித்தப்பாவும் நீயும் சேர்ந்து அதை அவர் வாயில் வைக்காதீர்கள்.

கடலுக்குப் போவது தப்பென்று சொல்லவில்லை. சடபி போனார். அவர் முடித்துவிட்டுப் போனார். நீ அழுகையோடு போகப் பார்க்கிறாய்.

என்னால் உன் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. என்னிடம் இருப்பது இந்தத் தரை ஒன்றுதான். அதில் உனக்காக நான் நடக்க மாட்டேன். நீ போனாலும் முடிக்காமல் போனவனாகத்தான் போவாய்.

அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மேவிஸ்


வெயின்தார்ப்
1941 மார்ச் 13

மேவிஸ்,

மூன்று கிழவிகளுக்கு முன்னால் வாயைத் திறக்காதவள், காகிதத்தில் மட்டும் நன்றாக அதிகாரம் செய்கிறாய். உன் இடத்தை நீ விட்டுவிட்டு என் இடத்தில் உட்காரப் பார்க்காதே.

பையன்களின் பெயர்கள் இனி வராது. பலகையை எடுத்து வைத்துவிட்டுத் தரையைத் துடை.

ரோ. ஸ்.


டால்பின் சந்து
1941 மே 12

ரோலி,

நீ வெயின்தார்ப்பில் இருக்கிறாயா, ஃப்ளீட்வுட்டில் இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். எங்கே இருந்தாலும் முதலில் இது: அம்மா நலம். நான் நலம். வீட்டில் ஜன்னல்கள் இல்லை, சுவர்கள் இருக்கின்றன.

செய்தித்தாளில் 'வடகிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில் குண்டுவீச்சு' என்று போட்டிருக்கும். நம் ஊருக்குப் பெயர் போட மாட்டார்கள். நம் ஊர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போனேன். போக வழி இல்லை, தண்ணீர்க் குழாய்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். பள்ளிக்குக் கூரை இல்லை. பெரிய கூடத்தின் நான்கு சுவர்களும் நிற்கின்றன, மேலே வானம். தங்க எழுத்துப் பலகைகள் எல்லாம் எரிந்துவிட்டன. லாம்பர்ட்டின் கல் மட்டும் கறுத்துப்போய் இருக்கிறது.

டாசர் கூரையில் தீக்காவலுக்கு நின்றிருக்கிறார். அவர் உடலைப் பக்கவாசலுக்கு வெளியே கண்டெடுத்தார்கள்.

நம் சந்தின் முனையிலிருந்த பதுங்கிடம் இடிந்துவிட்டது. வண்டிகள் வர முடியாததால், எடுத்த உடல்களை எங்கே கிடத்துவது என்று தெரியாமல் நின்றார்கள். சமதரை அந்தக் கூடம் ஒன்றுதான். தூக்கிக்கொண்டு நேராக வந்தார்கள், கிடாவின் மேல். நான், "ஐயா, கிடா" என்றேன். தூக்கிவந்தவர், "என்னம்மா?" என்றார். முகமெல்லாம் சாம்பல். நான், "ஒண்ணுமில்லைங்க, இந்தப் பக்கம் கொண்டுவாங்க" என்றேன். பிறகு நானும் போர்வைகளோடு அதன் மேல்தான் போய்வந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது.

ஒரு போலீஸ்காரர் வந்து, இவர்கள் யார் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தூக்கிவந்தவர்கள் எல்லாரும் பக்கத்து ஊரிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரோலி, என் குரல் எனக்கே கேட்டது. ஐடா ஃபென்விக். அவள் கைக்குழந்தை பமேலா. ரொட்டிக்கடை ஹென்றி மார்ஃபிட். எதிர்வீட்டு இரட்டையர்கள், மோலியும் கேத்தும். ஒவ்வொருவரையும் உள்ளே கொண்டுவரும்போது பெயரைச் சொன்னேன். போலீஸ்காரர், "சத்தமா சொல்லும்மா" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

கடைசியில் டாசரைக் கொண்டுவந்தார்கள். முழுப்பெயர் எனக்குத் தெரியும், அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கில் எழுதியிருப்பாள். "அம்ப்ரோஸ் டாசர்" என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் விளக்குமாற்றோடு சுற்றிப் போனவரை அதன் மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். 'நட' என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

உனக்காக நான் இன்னும் நடக்கவில்லை. நீ போயிருந்தாலும் இதுதான் என் பதில். ஆனால் உன் மேல் கோபம் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

மேவிஸ்


வெயின்தார்ப்
1941 மே 16

மேவி,

நான் இங்கேதான் இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன்.

உன் கடிதம் வரும் வரை ஹல் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் போய் ஆட்களைக் கேட்டோம். பிளெங்கினின் வீடு இல்லை. அவன் அத்தை தப்பிவிட்டாள். உன் கடிதத்தை அவன் படித்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்விட்டான், என்னைக் கேட்காமலே. டாசருக்காகப் பள்ளி முழுக்க எழுந்து நின்றது. சின்னப் பையன்கள் அழுதார்கள். அவர் எல்லாரையும் திட்டியிருக்கிறார், அதனால்தான்.

ஈஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ளீட்வுட்டுக்குப் போனேன். பெட்டியோடுதான் போனேன். சித்தப்பா துறையில் நின்றிருந்தார். அப்பாவின் நடை மாதிரியே இருந்தது. தோளில் கைபோட்டு, "அப்போ பள்ளிக்கூடத்தை முடிச்சுட்டு வந்துட்டே?" என்று கேட்டார். ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை, மேவி. ஒரு சொல்தான். கேட்டவர் அன்பாகத்தான் கேட்டார். அவர், "ஏண்டா, ஊமையாயிட்டியா?" என்று சிரித்தார். பள்ளி முடியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த அறையில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. மார்ச்சில் உனக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. அதைக் கிழித்துப்போடு. மன்னித்தேன் என்று எழுத வேண்டாம், கிழித்தேன் என்று எழுது.

சித்தப்பா மறுநாள் என்னை ரயிலேற்றிவிட்டார். கொஞ்சம் கோபம். கருவாடு கட்டிக் கொடுத்தார். திருமதி ஓல்ட்ராய்ட் அதை முட்டைக்கோஸோடு வேக வைத்துவிட்டாள்.

இத்தனை நாள் வெட்கத்தில் எழுதாமல் இருந்தேன்.

ரோலி


டால்பின் சந்து
1941 ஜூன் 8

அன்புள்ள ரோலி,

கிழித்துவிட்டேன்.

அம்மா உன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிப் படித்தாள். "பெர்ட்டுக்கு நான் முன்னாடியே எழுதணும்னு நெனச்சேன். ரோலி அவனா திரும்பட்டும்னு விட்டேன்" என்றாள். நாம்தான் அவளிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாம்பலை அள்ளி முடித்துவிட்டோம். கிடாவின் ஒரு கொம்பு வெப்பத்தில் வெடித்திருக்கிறது. மற்றபடி முழுசாக இருக்கிறது. மழை பெய்தால் கற்கள் புதிது மாதிரி மின்னுகின்றன. நிலையத்தை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் அங்கே வேலை முடிந்ததும் இங்கே வந்து துடைத்துவிட்டுப் போகிறேன். யாரும் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் படி.

மேவிஸ்


வெயின்தார்ப்
1941 ஜூலை 26

மேவி,

பரீட்சை முடிந்தது. லத்தீன் என்னைக் கொல்லவில்லை. செப்டம்பரில் தெரியும்.

போன வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "ஸ்டாதர்ஸ், வெள்ளிக்கிழமை போறவங்க பேர் வாசிக்கிறேன். உன் பேர் அதுல இருக்கணுமா?" என்று கேட்டார். ஃப்ளீட்வுட் விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பிரசங்கம் எதுவும் இல்லை. நான், "வேண்டாம் சார்" என்றேன். இந்தத் தடவை குரல் வந்தது. அடுத்த இரண்டு வருஷமும் படிக்கிறேன். அதற்கு மேல் போர் என்னை எங்கே கொண்டுபோகுமோ போகட்டும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். சபைக் கூடத்தில் எல்லாரும் சுவரோரம் நின்றோம். நடுவில் வெறும் மரத்தரை. ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருத்தரும் முன்னால் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். 'நட' என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "மேவிஸ் ஸ்டாதர்ஸ்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நட" என்றார்.

யாரோ ஒருவர் நடந்து முடிக்கிற நேரம் வரைக்கும் பள்ளி முழுக்க அந்தக் காலித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன வகுப்புப் பையன்கள்கூட. பக்கவாசலை ஒருவன் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

இனி நீ போய் உண்மையாக நட. இந்தத் தடவை யாருக்காகவும் இல்லை, உனக்காக. பள்ளி சொல்லிவிட்டது. லாம்பர்ட் எழுந்து வந்தாலும் தடுக்க முடியாது.

ரோலி


டால்பின் சந்து
1941 ஆகஸ்ட் 3

அன்புள்ள ரோலி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவள் ஊசியைக் கீழே வைத்து நான் பார்க்கவில்லை.

ஹெட்மாஸ்டருக்கு நன்றி சொல். பையன்களுக்கும், கதவைப் பிடித்தவனுக்கும்.

நேற்று மாலை கூடத்துக்குப் போனேன். கூரை இல்லாததால் நல்ல வெளிச்சம். செருப்பைக் கழற்றினேன். வாசல் பக்கம் நின்று என் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. டாசர் மூக்கால் சொல்லும் 'நட' மட்டும்தான் குறை.

பிறகு நான் நடக்கவில்லை, ரோலி.

கோபித்துக்கொள்ளாதே. கால் வைக்கப் போனேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அதன் மேல் நடந்துவிட்டால் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எத்தனையோ பேருக்காகப் போனேன். அவர்கள் எல்லாரும் முடித்தவர்கள், அல்லது முடிந்துபோனவர்கள். நான் எதை முடித்தேன்? உள்ளே வந்ததே வாளியோடுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றித்தான் வந்தேன்.

ஜார்ஜ் தெருவில் செப்டம்பரிலிருந்து மாலை வகுப்பு தொடங்குகிறார்கள். இன்று அங்கே போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு சீமாட்டி இருந்தாள். அன்பாகத்தான் கேட்டாள், "நீ என்னம்மா படிச்சிருக்கே?" என்று. ரொம்ப நேரம் ஆனது. அவள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். "ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் முழுக்கப் படிச்சிருக்கேங்க" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவள் சிரிக்காமல் என் பெயரைக் கேட்டாள்.

உன் முதல் வருஷத்து லத்தீன் புத்தகம் அங்கே இருந்தால் அனுப்பு. ஓரங்களில் நீ கிறுக்கியிருப்பாய், பரவாயில்லை.

கிடா பத்திரமாக இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது பார்க்கலாம். சுற்றி வா.

மேவிஸ்